நாற்பது வருடம் கட்டியவரும் நேற்று வந்தவரும்

பிரிட்டனின் என்.எச்.எஸ். பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "எங்க மாமா லண்டன் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தார். மாசாமாசம் சம்பளத்துல நேஷனல் இன்ஷூரன்ஸ் பிடிச்சாங்க. ரிடையர் ஆகி கோயம்புத்தூருக்கே வந்துட்டார். இப்ப முட்டி மாத்தணும்னா அங்க போய் இலவசமா பண்ணிக்கலாமா?" மாமாவுக்குப் பதில் அப்பா இருப்பார், முட்டிக்குப் பதில் கண் இருக்கும். கேள்வி மட்டும் அப்படியே இருக்கும்.

பதில், முடியாது. உறவினர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் ஆபரேஷன் முடித்துக்கொண்டு திரும்ப முடியாது. சொன்ன மறு நிமிடமே அடுத்த கேள்வி வரும்: "அப்போ கட்டின காசெல்லாம்?"

அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் 'கட்டினேன், அதனால் கிடைக்கணும்' என்ற கணக்கே என்.எச்.எஸ்.ஸில் கிடையாது. அந்தக் கணக்கைத்தான் 1948இல் தூக்கி எறிந்தார்கள். எறிந்த இடத்தில் வேறொன்றை வைத்தார்கள், அது 'இங்கே வசிக்கிறாயா?' என்ற ஒரே கேள்வி. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் கதையும், உள்ளிருந்து வெளியேறிப்போன ஓய்வூதியக்காரர்களின் கதையும் அந்தக் கேள்வியில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. அந்த முடிச்சை எனக்குத் தெரிந்தவரை அவிழ்த்துப் பார்க்கிறேன்.

முதலில் பழைய கணக்கு. 1911இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த நேஷனல் இன்ஷூரன்ஸ் சட்டம் அசல் காப்பீடுதான். ஆண் தொழிலாளி வாரம் 4 பென்ஸ் போடுவார், முதலாளி 3, அரசு 2. '4 கொடு, 9 வாங்கிக்கொள்' என்றுதான் ஊர் ஊராகப் பிரசாரமே செய்தார்கள். கட்டியவருக்கு டாக்டர் உண்டு. அவர் மனைவிக்கு, பிள்ளைக்குக் கிடையாது. ஆஸ்பத்திரிப் படுக்கையும் பெரும்பாலும் அதில் சேராது. வீட்டில் சம்பாதிப்பவருக்கு இருமல் வந்தால் ஒரு நியாயம், சமைப்பவருக்கு வந்தால் வேறு நியாயம். முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

இதை உடைத்தவர் அனைரின் பெவன். வேல்ஸின் ட்ரெடிகர் ஊர்க்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகன், தானும் 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். ட்ரெடிகரில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர் அமைச்சரானதும் 'கட்டினவருக்கே வைத்தியம்' என்று சட்டம் எழுதியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படி எழுதவில்லை. 1946ஆம் வருடச் சட்டத்தின் முதல் பிரிவே, இங்கிலாந்து, வேல்ஸ் மக்களின் உடல்நலம், மனநலம் என்று ஆரம்பிக்கிறது. பிரஜை என்றோ, சந்தா கட்டியவர் என்றோ அங்கே பேச்சில்லை. மக்கள், அவ்வளவுதான்.

பிறகு ஏன் இன்றுவரை எல்லாரும் குழம்புகிறார்கள்? ஒரு காரணம் காலண்டரில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். தொடங்கியது. அதே நாளில் புதிய நேஷனல் இன்ஷூரன்ஸ் திட்டமும் தொடங்கியது. முதியோர் ஓய்வூதியம், நோய்க்கால உதவித்தொகை, வேலையில்லாக் காலத் தொகை எல்லாம் இந்த இரண்டாவதில் வரும். ஒரே நாளில் சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பம், ஒரே நாளில் ஆஸ்பத்திரி இலவசம். மனிதர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் என்ன செய்வார்கள்? உண்மையில் என்.எச்.எஸ். செலவின் பெரும்பகுதி பொது வரியிலிருந்து வந்தது, இன்றும் வருகிறது. இன்ஷூரன்ஸ் பணத்தில் ஒரு சிறு பங்குதான் அங்கே போகிறது. ஆகவே கோயம்புத்தூர் மாமா முப்பது வருடம் கட்டியது முக்கியமாகத் தன் ஓய்வூதியத்துக்கு. அது அவருக்கு வந்துகொண்டிருக்கிறது. அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

'மக்கள்' என்று பொதுவாக எழுதிவிட்டால் அடுத்த வாரமே ஒருவர் எழுந்து 'எந்த மக்கள்?' என்று கேட்பார். கேட்டார்கள். திட்டம் தொடங்கி ஒரு வருடம் முடிவதற்குள், வெளிநாட்டுக்காரன் கப்பலில் வந்து இறங்கி இலவசமாகக் கண்ணாடியும் பல்செட்டும் வாங்கிக்கொண்டு போகிறான் என்று பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் முணுமுணுப்பு. பெவன் இதற்குச் சொன்ன பதில் 1952இல் வந்த அவருடைய 'இன் பிளேஸ் ஆஃப் ஃபியர்' புத்தகத்தில் விரிவாக இருக்கிறது. வந்தவரிடம் கஞ்சத்தனம் காட்டுவது அழகல்ல என்பது அதில் ஒரு வாதம். இதில் போகும் பணம் மொத்தச் செலவில் கொசுறு என்பது இன்னொன்று. எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது வாதம். வந்திருப்பவர் வெளியூர்க்காரரா என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால், உள்ளூர்க்காரர் ஒவ்வொருவரும் தான் உள்ளூர்தான் என்று நிரூபிக்கும் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டும். சிலரைப் பிடிக்கப் போய் எல்லாரையும் சோதிக்கும் ஏற்பாடாக அது முடியும். இந்த வாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அறுபத்தைந்து வருடம் கழித்துத் தேவைப்படும்.

ஆனாலும் சட்டத்தில் ஒரு ஓட்டை போட்டு வைத்தார்கள். 1949ஆம் வருடத் திருத்தச் சட்டம், நாட்டில் 'ஆர்டினரிலி ரெசிடன்ட்' அல்லாதவர்களிடம் கட்டணம் வாங்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அதே சட்டம்தான் மருந்துச்சீட்டுக்குக் காசு வாங்கவும் வழி திறந்தது. மருந்துச்சீட்டுக் கட்டணம் 1952இல் வந்துவிட்டது. வெளிநாட்டார் கட்டணம் மட்டும் 33 வருடம் அலமாரியில் தூங்கியது.

'ஆர்டினரிலி ரெசிடன்ட்', வழக்கமாக வசிப்பவர். இந்த இரண்டு சொல்லும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனபோதுதான் இந்தக் கட்டுரை எழுதலாம் என்றே தோன்றியது. இவை வைத்தியத்துக்காகப் பிறந்தவை அல்ல. வருமான வரிக்காரர்களிடமிருந்து வந்தவை.

1928இல் பிரபுக்கள் சபைக்கு வந்த ஒரு வழக்கு. லெவீன் என்று ஒரு பணக்காரர், தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். 1918இல் லண்டன் வீட்டை விட்டுவிட்டார். 1919 கடைசியில் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பினார். பிறகு வருடத்தில் ஏழெட்டு மாதம் வெளிநாட்டு ஹோட்டல்களில் வாசம், நாலைந்து மாதம் இங்கிலாந்து ஹோட்டல்களில். எதற்குத் திரும்பத் திரும்ப இங்கிலாந்து வந்தார்? வழக்கில் காரணங்கள் பதிவாகியிருக்கின்றன. உறவினர்களைப் பார்க்க, பெற்றோர் கல்லறைக்குப் போக, யூத மதச் சடங்குகளில் கலந்துகொள்ள, வரி விவகாரங்களைக் கவனிக்க. இவற்றோடு, தனக்கும் மனைவிக்கும் வைத்திய ஆலோசனை பெற! நம் ஊருக்கு டிசம்பரில் வரும் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பட்டியலில் சங்கீத சீசனைச் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய இதே காரணங்கள்தான்.

லெவீன், நான் இங்கே வசிப்பவன் அல்ல, வரி கட்ட மாட்டேன் என்றார். பிரபுக்கள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. வருடாவருடம் இப்படி வந்து போவதுதானே உன் வாழ்க்கையின் வழக்கம், ஆகவே நீ இங்கே வழக்கமாக வசிப்பவன்தான், வரியைக் கட்டு என்றது. அதே காலத்தில் லைசட் என்பவரின் வழக்கும் வந்தது. அவர் அயர்லாந்தில் குடும்பத்தோடு குடியேறிவிட்டார். கம்பெனிக் கூட்டத்துக்காக மாதம் ஒரு வாரம்போல இங்கிலாந்து வந்து ஹோட்டலில் தங்குவார், அவ்வளவே. அவரையும் வழக்கமாக வசிப்பவர் கணக்கில் சேர்த்தார்கள்.

ஆக, இந்தச் சொற்கள் முதலில் நீதிமன்றம் ஏறியது வெளிநாடு போன ஓய்வுக்காரரை விடாமல் பிடித்து வைக்க. கஜானாவுக்குப் பணம் வர வேண்டுமென்றால் 'நீ எங்க ஆளுதான்'. பிற்காலத்தில் கஜானாவிலிருந்து பணம் போக வேண்டிய இடத்தில் அதே சொற்களைக் கொண்டுவந்து 'நீ எங்க ஆளு இல்லை' என்றார்கள். சட்டத்துக்கு ஞாபகசக்தி உண்டு என்பார்கள். வெட்கமும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

1982க்கு வருவோம். மார்கரெட் தாட்சர் ஆட்சி, சமூக சேவைத் துறை அமைச்சர் நார்மன் ஃபௌலர். தூங்கிக்கொண்டிருந்த 1949 அதிகாரத்தை எழுப்பி, அக்டோபர் 1 முதல் வெளிநாட்டு வருகையாளரிடம் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் கட்டணம் என்று விதி கொண்டுவந்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவு விலக்கு, தொற்றுநோய்கள் விலக்கு. குடும்ப டாக்டரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, அது இன்றுவரை இல்லை.

அதே டிசம்பரில் பிரபுக்கள் சபை இன்னொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அது வைத்திய வழக்கே இல்லை. ஷா, அக்பராலி முதலான மாணவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து பிரிட்டனில் படித்தவர்கள், கல்லூரி உதவித்தொகை கேட்டுப் போட்டது. மூன்று வருடம் இங்கே 'வழக்கமாக வசித்திருக்க' வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளாட்சிகள், நீங்கள் படிக்க வந்தவர்கள், திரும்பிப் போய்விடுவீர்கள், எப்படி வசிப்பவர் ஆவீர்கள் என்றன. நீதிபதி ஸ்கார்மன் பிரபு பழைய வரி வழக்குகளை எடுத்து வைத்துக்கொண்டார். லெவீனையும் லைசட்டையும் பிடித்த அதே அளவுகோலால் மாணவர்களை அளந்தார். சட்டப்படி வந்திருக்கிறாயா, விருப்பத்தோடு வந்திருக்கிறாயா, ஒரு நிலையான நோக்கத்தோடு உன் அன்றாட வாழ்க்கையை இங்கே நடத்துகிறாயா, போதும். படிப்பும் நிலையான நோக்கம்தான். கொஞ்ச காலமா நெடுங்காலமா என்பது முக்கியமில்லை. நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் தேவையில்லை.

இந்த விளக்கம் அப்படியே என்.எச்.எஸ்.ஸுக்கும் வந்து சேர்ந்தது. விளைவு, வேலை விசாவில் வந்து வீடு எடுத்துத் தங்கியவருக்கு முதல் நாளிலிருந்தே முழு உரிமை. நாற்பது வருடம் இருந்துவிட்டு வேறு நாட்டில் குடியேறியவருக்கு இல்லை. நேற்று வந்தவருக்கு உண்டு, நாற்பது வருடம் கட்டியவருக்கு இல்லை என்று கேட்கும்போது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நாற்பது வருடக்காரர் தானும் ஒருநாள் நேற்று வந்தவராக இருந்தவர்தானே. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் 1960களில் போன டாக்டர்களும் நர்ஸுகளும் முதல் மாதமே காய்ச்சலில் படுத்திருந்தால் யாரும் அவர்களிடம் சந்தாச் சீட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. பிரிட்டிஷ் பிரஜையான ஓய்வுக்காரர் மனம் மாறி, மூட்டை முடிச்சோடு நிரந்தரமாக வாழவே திரும்பினால், விமானம் இறங்கிய அன்றிலிருந்தே மறுபடி வசிப்பவர்தான், காத்திருப்புக் காலம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் நிரந்தரக் குடியுரிமை அனுமதியோடு மட்டும் இருந்தவர் கதை வேறு. இரண்டு வருடம் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாக அந்த அனுமதியே காலாவதியாகிவிடும். கோயம்புத்தூர் மாமாக்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது கேள்வி வரும்: 'ஸ்பெயினில் செட்டிலான வெள்ளைக்காரப் பென்ஷன்காரங்களுக்கு மட்டும் பிரிட்டன் வைத்தியச் செலவு கொடுக்குதே, அது எப்படி?' நியாயமான கேள்வி. அது என்.எச்.எஸ். வழியாக வந்த உரிமை இல்லை. அதன் வேர் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கங்கள் பக்கம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியத்துக்குச் சுரங்கக் கூலிகள் வேண்டியிருந்தது. இத்தாலியில் வேலை இல்லை. ஆயிரக்கணக்கில் இத்தாலியர்கள் வடக்கே போனார்கள். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் என்ற ஊரில் சுரங்கம் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர். பிழைத்துக் கிழவராகி ஊர் திரும்பும் இத்தாலியருக்கு என்ன வழி? உழைத்தது ஒரு நாட்டில், நோயில் படுப்பது வேறு நாட்டில். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறந்தவுடனே போட்ட ஆரம்பகால விதிகளில் ஒன்று இந்த ஆட்களைப் பற்றியது: 1958இன் மூன்றாம் எண் விதி, இடம்பெயர்ந்த தொழிலாளரின் சமூகப் பாதுகாப்பு. 1971இல் அதை விரித்து 1408 என்ற எண்ணில் புதிய விதி வந்தது. சாரம் எளிமையானது. ஓய்வூதியக்காரர் எந்த உறுப்பு நாட்டில் வசிக்கிறாரோ, அந்த ஊர் மக்களுக்குக் கிடைக்கும் வைத்தியம் அவருக்கும் கிடைக்கும். பில், ஓய்வூதியம் கொடுக்கும் நாட்டுக்குப் போகும்.

பாருங்கள், இது முழுக்க முழுக்கக் 'கட்டியவன்' கணக்கு. பெவன் தூக்கி எறிந்த அதே கணக்கு.

1973இல் பிரிட்டன் உள்ளே வந்தது, 1986இல் ஸ்பெயின் வந்தது. சுரங்கக் கூலிக்குப் போட்ட பாலத்தில் மான்செஸ்டர் குமாஸ்தாக்களும் பர்மிங்ஹாம் பள்ளி ஆசிரியைகளும் நடந்து அலிகாண்டே கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் இ121 என்று ஒரு படிவம், 2010க்குப் பிறகு அதற்கு எஸ்1 என்று பெயர். உள்ளூர் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் அதைப் பதிந்தால் முடிந்தது. ஸ்பெயின் ஒவ்வொரு ஊசிக்கும் பில் போடுவதில்லை, தலைக்கு இவ்வளவு என்று சராசரிச் செலவுக் கணக்கில் பிரிட்டனிடம் வாங்கிக்கொள்ளும். பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு நாடாளுமன்றக் குழுவுக்குச் சுகாதாரத் துறை சொன்ன கணக்கில் இப்படி ஐரோப்பாவில் இருந்த பிரிட்டிஷ் ஓய்வூதியக்காரர்கள் சுமார் 1,90,000 பேர், வருடச் செலவு சுமார் 50 கோடி பவுண்ட்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைக்கிறேன். 2014-15இல் பிரிட்டன் தன் ஆட்களின் வைத்தியத்துக்காக மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குக் கொடுத்தது சுமார் 67 கோடி பவுண்ட். அவர்கள் ஆட்களுக்கு இங்கே செய்த வைத்தியத்துக்காக வாங்கியது சுமார் 5 கோடி. ஆஸ்பத்திரிகள் சரியாகக் கணக்கெழுதி அனுப்பாதது பாதிக் காரணம். மீதிக் காரணம், அங்கே போய்க் குடியேறிய பிரிட்டிஷ் கிழவர்கள் அதிகம், இங்கே வந்து குடியேறிய ஸ்பானியக் கிழவர்கள் குறைவு. பத்திரிகைகள் 'வைத்தியச் சுற்றுலாக்காரர்கள்' என்று யாரைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தன என்பதை இந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தப் பாலம் ஐரோப்பாவுக்கு மட்டும்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில நாடுகளோடு தனி ஒப்பந்தம் உண்டு, அது தற்காலிகமாகப் போய் வருபவரின் உடனடித் தேவைக்கு. அந்தப் பட்டியலிலும் இந்தியா இல்லை, இலங்கை இல்லை. பெனிடார்மில் ரிடையர் ஆனவருக்கு எஸ்1, கோயம்புத்தூரில் ரிடையர் ஆனவருக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு பேரும் கட்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் ஒன்றேதான். 'அப்போ கட்டின காசெல்லாம்?' என்ற கோபத்துக்குச் சரியான இடம் என்றால், என்னைக் கேட்டால், இதுதான்.

முன்னால் சொன்ன வில்லங்கமும் இங்கேதான் வருகிறது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஐரோப்பாவில் வசிப்பவருக்கு வருடாவருடம் உயரும். இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் வசித்தால் உயராது, போன அன்று இருந்த தொகையிலேயே உறைந்து நிற்கும். தென்னாப்பிரிக்கா போன அனெட் கார்சன் இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். 2010இல் 17 நீதிபதிகளில் 11 பேர் அரசு பக்கம், 6 பேர் அவர் பக்கம். விலைவாசி இதைக் கேட்பதில்லை.

வந்தவர்கள் கதைக்குத் திரும்புவோம். 2014 குடியேற்றச் சட்டம், தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது வந்தது. ஸ்கார்மன் வகுத்த அளவுகோலை இது ஒரே பிரிவில் மடக்கிவிட்டது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இல்லாதவர், என்.எச்.எஸ். கட்டணத்தைப் பொறுத்தவரை, வழக்கமாக வசிப்பவர் அல்ல. ஐந்து வருடம் அங்கேயே வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து வாழ்ந்தாலும் அல்ல. அதற்குப் பதிலாக விசாவோடு சேர்த்து சுகாதாரக் கூடுதல் கட்டணம். 2015 ஏப்ரலில் தொடங்கியபோது வருடத்துக்கு 200 பவுண்ட். பிறகு 400, பிறகு 624, 2024 பிப்ரவரியிலிருந்து 1,035. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் 776. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஐந்து வருட விசா என்று கூட்டிப் பாருங்கள்: 18,110 பவுண்ட், அதுவும் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே. சம்பளத்தில் போகும் வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் தனி. இதே ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் வெளிநாட்டு நர்ஸுகளும் இதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2020 மே மாதம், பிரதமர் போரிஸ் ஜான்சன் கொரோனாவில் ஐ.சி.யு.வரை போய்ப் பிழைத்து வந்த அடுத்த மாதம், ஒரே வாரத்தில் முதலில் மறுத்து, பிறகு பின்வாங்கி, அவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

பெவனின் மூன்றாவது வாதம் தேவைப்படும் என்றேனே, அந்த இடம் இதுதான். 2017 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் அவசரமல்லாத சிகிச்சைக்கு உரிமை இல்லாதவரிடம் முன்பணம் வாங்குவது ஆஸ்பத்திரிகளின் கட்டாயக் கடமையானது. யாருக்கு உரிமை இல்லை என்று தெரிய வேண்டுமே, காகிதம் கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே லண்டனில் ஒருவர் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போய் நின்றார். பத்திரிகைகள் அவருக்குக் கொடுத்த மாற்றுப்பெயர் ஆல்பர்ட் தாம்சன். 1973இல் பதின்வயதுப் பையனாக ஜமைக்காவிலிருந்து வந்தவர். 44 வருடம் லண்டன்வாசி, முப்பது வருடத்துக்கு மேல் வரி கட்டியவர். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். இல்லை. அப்படியானால் 54,000 பவுண்ட் கட்டுங்கள் என்றார்கள்.

வசிக்கிறாயா என்பது மட்டுமே கேள்வி என்றால் இவரைவிட வசித்தவர் யார்? லெவீன் நாலைந்து மாதம் ஹோட்டலில் இருந்தே வசிப்பவர் ஆனார். 2018 வசந்தத்தில் விவகாரம் நாடாளுமன்றத்தில் வெடித்தபோது, இதேபோல் வேலையும் வீடும் இழந்த, நாடு கடத்தப்பட்ட கரீபியர்களின் கதைகள் வரிசையாக வெளிவந்தன. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் ஏப்ரல் கடைசியில் ராஜினாமா செய்தார். தாம்சனுக்குச் சிகிச்சை அந்த ஏப்ரலில்தான் தொடங்கியது. 'விண்ட்ரஷ் தலைமுறை' என்று இவர்களுக்குப் பெயர் வரக் காரணமான கப்பல் டில்பரி துறைமுகத்தில் ஆட்களை இறக்கியது 1948 ஜூன் 22, என்.எச்.எஸ். பிறப்பதற்குப் 13 நாள் முன்னால்.

ஸ்பெயினும் இதே ஊஞ்சலில்தான் ஆடியது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2000ஆவது வருடச் சட்டப்படி நகராட்சிக் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும், விசா இல்லாத ஆப்பிரிக்கத் தொழிலாளிக்கும் முழு வைத்தியம். 2012இல், பொருளாதார நெருக்கடியில், ரஹோய் அரசு ஓர் அவசர ஆணையில் 'வசிப்பவர்' என்ற இடத்தில் 'காப்பீடு உள்ளவர்' என்பதை வைத்தது. விசா இல்லாதவர்கள் அவசரம், பிரசவம், குழந்தைகள் தவிர மற்றதற்கு வெளியே போனார்கள். அண்டலூசியா, அஸ்தூரியாஸ், பாஸ்க் முதலான மாகாண அரசுகள் தொடர்ந்து வைத்தியம் பார்த்தன, பல டாக்டர்கள் வெளிப்படையாகவே மறுத்தார்கள். 2018இல் சான்செஸ் அரசு வந்து திருப்பியது. கடற்கரையில் எஸ்1 வைத்திருந்த பிரிட்டிஷ் பாட்டிக்கு இந்த ஆறு வருடத்தில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி பறித்தவருக்குக் கதவு சாத்தியிருந்தது.

பிரெக்ஸிட்டில் பாட்டிக்கும் நடுக்கம் வந்தது. 2020 டிசம்பர் 31க்கு முன்பே ஸ்பெயினில் சட்டப்படி குடியிருந்தவர்களுக்கு, அங்கேயே தொடர்ந்து இருக்கும்வரை, விலகல் ஒப்பந்தம் எஸ்1 உரிமையைக் காத்தது. பிறகு வந்த வர்த்தக ஒப்பந்தமும் ஓய்வூதியக்காரருக்கு அந்தப் படிவத்தை வைத்திருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், முன்கூட்டியே வேலையை விட்டு வெயிலைத் தேடி வந்தவர்கள். ஓய்வூதிய வயது வராதவருக்கு எஸ்1 கிடையாது. முன்பு பிரிட்டன் அவர்களுக்கும் சில காலம் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தது, 2014 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. ஒரு வருடம் குடியிருந்த பிறகு காசு கட்டிப் பொது வைத்தியத்தில் சேரும் வழி ஒன்றை ஸ்பெயின் 2013இல் திறந்தது. அப்போது நிர்ணயித்த கட்டணம் 65 வயதுக்குக் கீழே மாதம் 60 யூரோ, அதற்கு மேலே 157, மருந்துச் செலவு தனி. இதற்கிடையே பிரிட்டனில் பெண்களுக்கு 60 ஆக இருந்த ஓய்வூதிய வயது படிப்படியாக ஏறி 2020இல் 66 ஆனது. அறுபதில் படிவம் கையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அலிகாண்டேயில் வீடு வாங்கியவர், 65 வரை 60 யூரோ கட்டி, அதன் பிறகு ஒரு வருடம் 157 கட்டி, 66இல் தபாலில் எஸ்1 வருவதற்குக் காத்திருக்கிறார்.